எல்லாம் செய்வான் சார்

காரோடு, பாறசாலை, இஞ்சிவிளைப் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோரே, அந்தக் காகிதம் உங்களில் பலர் வீட்டில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். சிலர் பைபிளுக்குள் வைத்திருக்கிறீர்கள், சிலர் ரேஷன் கார்டு போட்ட கவருக்குள். பிள்ளைக்குக் கேட்ட மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இல்லை என்று சொன்ன காகிதம். அல்லது முப்பது, முப்பத்தைந்து என்று சதவீதத்தைக் குறைத்துப் போட்டு, பென்ஷனுக்கு எட்டாமல் செய்த காகிதம். அதைக் கிழித்துப் போடவும் மனசில்லை, எடுத்துப் படிக்கவும் மனசில்லை. கேட்டால், "அது அன்னைக்கே முடிஞ்சாச்சு, இனி என்ன கிட்டும்?" என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி எனக்கே விழட்டும். என் மகனுக்கு நான்கு வயதில் மெடிக்கல் போர்டுக்குக் கூட்டிப் போனேன். முந்தின நாள் முடி வெட்டினோம். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டையை மாட்டிவிட்டேன். பெண் பார்க்க வரும் வீட்டில் பெண்ணை அலங்கரிப்பதுபோல். டாக்டர் கேட்டார், தானே சாப்பிடுவானா? "சாப்பிடுவான் சார்." கையில் பப்படத்தைத் திணித்தால் கடிப்பான், அதைத்தான் சாப்பாடு என்று சொன்னேன். கூப்பிட்டால் திரும்புவானா? "திரும்புவான் சார்." ராத்திரி தூங்குவானா? "தூங்குவான் சார்." கடைசியில் நானே முந்திக்கொண்டு, "எல்லாம் செய்வான் சார், பேச்சு மட்டும் கொஞ்சம் தாமதம்" என்றேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் எங்கள் சபைக்கு வரும் ஒரு மாமி நின்றார். அவர் காதில் விழும்படி, என் பிள்ளை ராத்திரி மூன்று மணிவரை சுவரில் தலையை முட்டிக்கொண்டிருப்பான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

30 சதவீதம் என்று வந்தது. ஒரு மாதம் அந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர் நான் சொன்னதைத்தான் எழுதினார்.

நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள். ஆட்டிசம் என்றால் ஐ.எஸ்.ஏ.ஏ. என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. அதில் நாற்பது விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் அரிதாக என்றால் ஒன்று, எப்போதும் என்றால் ஐந்து. கூட்டினால் 70 வரவேண்டும். அதைத் தொட்டால்தான் 40 சதவீதம், அந்த 40 இருந்தால்தான் பென்ஷன் முதல் பல கதவுகள் திறக்கும். பிள்ளையைப் பார்த்தும், நம்மைக் கேட்டும்தான் அந்த எண்களைப் போடுகிறார்கள். மானத்துக்குப் பயந்து "சில சமயம்தான் சார்" என்று நாம் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் பிள்ளையின் கணக்கில் கழிகிறது. கூட்டிச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. தினமும் நடப்பதை "சில சமயம்" என்று சொல்வதும் பொய்தான், அதைச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

இரண்டாம் முறை போவதற்கு முன் ஒரு மாதம் நோட்டில் எழுதினேன். பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டுதான். எத்தனை மணிக்குத் தூங்கினான், எத்தனை முறை கடித்தான், எத்தனை முறை துணி நனைந்தது, எந்தச் சத்தத்துக்கு ஓடி ஒளிந்தான். அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு அவர் கண்டதையும் ஒரு தாளில் எழுதி வாங்கினேன். தெரப்பிக்குப் போன நாட்களின் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கினேன். அன்றைக்குப் புதுச் சட்டை போடவில்லை. நோட்டை மேஜையில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கியது, அதை டாக்டர் பார்த்தாரோ என்னவோ. ஆனால் நோட்டைப் படித்தார்.

இனி உங்கள் சாக்குகளுக்கு வருகிறேன்.

"சின்னப் பிள்ளைதானே, அஞ்சு வயசு ஆகட்டும்." யார் சொன்னது? மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலில், ஒரு வயது முடிந்த குழந்தைக்கே வளர்ச்சித் தாமதம் என்று தற்காலிகச் சான்றிதழ் கொடுக்க இடமிருக்கிறது. ஐந்து வயது தாண்டினால் மறுபடி பார்ப்பார்கள், அவ்வளவுதான். மூளை வேகமாக வளரும் அந்த ஆண்டுகளை வாசல் திண்ணையில் உட்கார்ந்து கழிக்கவா போகிறீர்கள்? "இவன் மாமாவும் ஆறு வயசிலதான் பேசினான்" என்ற கதையையும் நிறையக் கேட்டாகிவிட்டது. மாமா பேசினார், நல்லது. உங்கள் பிள்ளை மாமா இல்லையே.

"இந்தச் சீல் விழுந்தா நாளைக்கு இவன் தங்கச்சிய யாரு கெட்டுவா?" இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். அண்ணன்மாரே, ஊருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது சர்க்காருக்கு மட்டும்தான். அதையும் மறைத்து என்ன மிச்சம்?

"இந்தக் காசுக்கா அலையணும்?" கேரளத்தில் மாற்றுத்திறனாளி பென்ஷன் பல ஆண்டு 1,600 ரூபாயாக நின்றது, 2025 நவம்பர் முதல் 2,000. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். படுத்த படுக்கையாக அல்லது கடும் அறிவுத்திறன் குறைவோடு இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600. இங்கே ஆண்களின் ஒரு நாள் கூலி அதைவிட அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதே சான்றிதழ்தான் தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் வழி. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. தெரப்பிக்கு நீங்கள் கொட்டுகிற பணத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு, பிறகு அலுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கே உரிய சாக்கு ஒன்று உண்டு. களியக்காவிளை வந்துவிட்டால் தமிழ்நாடு. அங்கே பராமரிப்பு உதவித்தொகை 2,000 கிடைக்கிறது, அத்தை வீட்டு அட்ரஸில் போட்டுக்கொள்ளலாம் என்று கனவு காண்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1956 நவம்பர் ஒன்றாம் தேதி விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை தாலுகாவில் நாம் இந்தப் பக்கம் நின்றோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றுவரை அந்தப் பக்கம்தான். ஆனால் உதவித்தொகை குடியிருப்பைப் பார்க்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும், பென்ஷன் எல்லை தாண்டாது. அத்தை வீட்டு அட்ரஸ் ஒருநாள் இரண்டு பக்கமும் வெட்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பஞ்சாயத்து மெம்பரிடம் சொல்லியாச்சு என்பது அப்பீல் ஆகாது. மறுப்பு எந்த மேஜையிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். டாக்டர்கள் சான்றிதழை மறுத்திருந்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு உங்களுக்கானது. மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்கு அரசு வகுத்த காலக்கெடு உண்டு. மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன, அதற்கென்றே எட்டாம் படிவம் இருக்கிறது. வாய்வார்த்தையாக "கிடைக்காது" என்று சொல்லி அனுப்பினார்களா? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பஞ்சாயத்து பென்ஷனை மறுத்திருந்தால் அது வேறு வழி. அங்கே சிக்கல் வருமானச் சான்றிலோ ஆதாரிலோ இருக்கும், டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இவை எதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் திருவனந்தபுரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். வக்கீலுக்குப் பணமில்லை என்பீர்கள். குழந்தைக்கும் பெண்ணுக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, நெய்யாற்றின்கரையிலேயே தாலுகா சட்டப் பணிக் குழு இருக்கிறது.

"மலையாளம் எழுத வராது" என்று தலையைச் சொறியாதீர்கள். குறையைச் சொல்லி எந்த அதிகாரிக்கும் விண்ணப்பிக்க, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியையும் பயன்படுத்தலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-ஆம் உறுப்பு சொல்கிறது. தமிழில் எழுதுங்கள். நகலில் முத்திரை போட்டு வாங்குங்கள்.

காசர்கோட்டை நினைத்துப் பாருங்கள். முந்திரித் தோட்டங்களின் மேல் எண்டோசல்பான் தெளித்துத் தெளித்துப் பிள்ளைகளின் உடல்நலம் கெட்ட ஊர். 2017 மருத்துவ முகாமில் பாதிக்கப்பட்டவர்கள் என்று முதலில் 1,905 பேரைக் கண்டறிந்தார்கள். இறுதிப் பட்டியல் வந்தபோது 287 பேர்தான் மிஞ்சினார்கள். அந்தத் தாய்மார் காகிதத்தைப் பைபிளுக்குள் வைக்கவில்லை. போராடியதில் இன்னும் 76 பேர் சேர்ந்தார்கள். 2019 ஜனவரி கடைசியில், நடக்கவும் பேசவும் முடியாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாநிலத்தின் வட நுனியிலிருந்து திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்து வாசலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். சமூகச் செயற்பாட்டாளர் தயாபாய் உண்ணாவிரதம் இருந்தார். முதலமைச்சர் பேச்சுக்கு அழைத்தார். அதன்பின் 511 பேர் சேர்ந்தார்கள். மீதி 1,031 பேருக்காக 2024-இலும் காஞ்ஞங்காட்டில் பந்தலில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்ன பணம், 2022-இல் மறுபடி கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தபோது 3,704 பேரில் எட்டுப் பேருக்குத்தான் போயிருந்தது. எனவே சர்க்கார் நல்ல மனதோடு வீட்டுக்கு வந்து கொடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது, அவ்வளவுதான் என் வாதம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பிரையன் ஜெப்லி என்ற பிள்ளைக்கு உதவித்தொகை மறுத்தார்கள், அவன் நோய் சர்க்கார் வைத்திருந்த பட்டியலோடு பொருந்தவில்லையாம். 1990 பிப்ரவரியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் குழந்தையால் அன்றாடம் என்ன முடிகிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது. மறுக்கப்பட்ட லட்சக்கணக்கான பிள்ளைகளின் மனுக்களை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. ஒரு வீட்டார் காகிதத்தை மடித்து வைக்காததால் வந்தது.

அந்தத் தாய்மார் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம்வரை வந்தார்கள். நமக்கு நெய்யாற்றின்கரைக்கு ஒரு பஸ், திருவனந்தபுரத்துக்குப் பாறசாலையில் ஏறினால் ஒரு பாசஞ்சர் வண்டி. அதற்கே இடுப்பு வலிக்கிறது நமக்கு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள் அக்கா, நோட்டோடு வருகிறேன். முதலில் எழுந்து போய் அந்தக் காகிதத்தை எடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கும். அதிலிருந்து எத்தனை நாள் போயிருக்கிறது என்று எண்ணுங்கள்.