தீபாவளிப் பாட்டுப் பட்டியல்கள்: சொல் பொறுக்கும் ரசனை

ஐப்பசி பிறந்துவிட்டால் பாட்டுப் பட்டியல்கள் புறப்பட்டுவிடுகின்றன. தீபாவளிச் சிறப்புப் பாடல்கள், சரவெடிப் பாடல்கள் என்றெல்லாம் செயலிகளிலும் யூட்யூபிலும் தொகுப்புகள் குவிகின்றன. நண்பர்களும் தம் பங்குக்கு ஆளுக்கொன்று தொகுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அவர்களது ஆர்வத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒரு பொருளை மையமாக வைத்துப் பாடல்களைக் கோப்பது ஒரு விமர்சனச் செயல் என்பது நம் நிலைப்பாடு. எதைச் சேர்க்கிறோம், எதன் பக்கத்தில் எதை வைக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில் தொகுப்பாளனின் பார்வை வெளிப்பட்டாக வேண்டும். இப்பட்டியல்களில் நடப்பதோ வேறு. பல்லவியில் 'தீபாவளி' இருக்கிறதா, 'பட்டாசு' இருக்கிறதா என்று தேடி, இருந்தால் பொறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். இதை அகராதி வேலை என்றுகூடச் சொல்ல முடியாது. அகராதியாவது பொருளையும் சேர்த்துச் சொல்லும்.

'நாயகன்' (1987) படத்தின் தீபாவளிப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். இப்பட்டியல்களில் அடிக்கடி தென்படுவது அது. கே. ஜமுனாராணி, எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற முந்தைய தலைமுறைக் குரல்களை இளையராஜா வேண்டுமென்றே திரும்ப அழைத்துவந்து பாடவைத்தது. கதை நிகழும் காலத்துக்கு அக்குரல்கள் பொருந்தின. ஆனால் பாடல் ஒலிக்கும் இடம் விபச்சார விடுதி. அங்கே நாயகன் சந்திப்பது, மறுநாள் கணக்குப் பரீட்சை இருக்கிறது, சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று கேட்கும் பள்ளிச் சிறுமியை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது இதுதான். இதை மத்தாப்புப் படத்தோடு சேர்த்துக் குடும்பத்தோடு கேட்கும் கொண்டாட்டப் பாடல் என்று முன்வைப்பவருக்குப் பாடல் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவே.

இதைவிட நம்மை உறுத்துவது 'கல்யாணப் பரிசு' (1959) பாடலுக்கு நேரும் கதி. ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். ஏ.எம். ராஜா இசை, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டு. தீபாவளியை மகிழ்ச்சியின் உச்சமாக வைத்து நாயகிக்காக பி. சுசீலா பாடும் பாடலை அறியாத தமிழர் அரிது. பட்டியல்களில் அதற்குத்தான் முதலிடம். அதே பாடல் படத்தில் இன்னொரு முறை வருகிறது. காதல் தோற்ற பின் ஏ.எம். ராஜாவின் சொந்தக் குரலில், சொற்கள் சற்றே திருப்பிப் போடப்பட்டு, அதே பண்டிகை வெளிச்சம் தாங்க முடியாததாக மாறி ஒலிக்கிறது. ஒரு பாடலுக்கான மிகச் சிறந்த 'கவர் வெர்ஷன்' அந்தப் படத்துக்குள்ளேயே, அதை அமைத்தவராலேயே பாடப்பட்டுவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் முதல் பாடலின் துள்ளலில் எவ்வளவு பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்பது புரியும். நம் தொகுப்பாளர்கள் இரண்டாவதைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுகிறார்கள். பண்டிகை நாளில் சோகம் ஆகாதாம்.

படம் 1959 ஏப்ரலில் வெளிவந்தது. கல்யாணசுந்தரம் அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் தேதி, இருபத்தொன்பது வயதில் மறைந்தார். தம் தீபாவளிப் பாட்டு வெளிவந்த பிறகு வந்த முதல் தீபாவளியை அவர் பார்க்கவில்லை. பட்டியல்களில் பெரும்பாலும் அவர் பெயரும் இருப்பதில்லை.

இன்று கிதாரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி பாடும் மறுபாடல்களுக்கு வருவோம். மறுபாடல் கூடாது என்பவரல்லர் நாம். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலிலும் சிவகாசி பத்திரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலிலும் மெல்லிசைக் குழுக்களின் பாட்டை விடிய விடியக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. அந்த மேடைப் பாடகருக்கு டி.எம்.எஸ். குரலைக் கொண்டுவந்துவிட வேண்டுமென்ற வெறி இருந்தது. தோற்றாலும் மூலத்தின் மீது மரியாதை இருந்தது. இன்றைய மறுபாடல்கள் பலவற்றில் எல்லாப் பாடலுக்கும் ஒரே தாலாட்டு வேகம், ஒரே மூச்சுக்காற்றுக் குரல். சுசீலாவின் துள்ளலும் ராஜாவின் துயரமும் ஒன்றுபோலாகிவிடுகின்றன.

இதெல்லாம் வெறும் ரசனைச் சண்டை என்று வாசகர் கருதலாம். சிவகாசிக்காரர்களுக்கு அப்படியல்ல. நாட்டில் வெடிக்கப்படும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் கரிசலில் செய்யப்படுகிறது. அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுதும் மருந்து செலுத்துகிறார்கள், திரி வைக்கிறார்கள். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. ஆகவே தீபாவளியை உண்டாக்கும் கைகளுக்கு வேலை நேரத்தில் பாட்டு இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பின்னும் விபத்துகள் ஓயவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டும் சரவெடி என்ற பெயரில் பாட்டுத் தொகுப்புகள் குறையவில்லை. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், வேலைக்குப் போன இவ்வட்டாரக் குழந்தைகளைக் காட்டியது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய வயதில் வேறொன்றைச் செய்ய நேர்ந்த சிறுமி 'நாயகன்' படத்தில் மட்டும் இல்லை.

அதற்காக விபத்துச் செய்தியைப் பாட்டுக்கு நடுவே வாசிக்கச் சொல்லவில்லை. ராஜாவின் குரலுக்கு இடம் விடுங்கள் என்கிறோம். தீபாவளி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விடிவதில்லை என்பதைத் தமிழ்ச் சினிமாப் பாட்டு 1959இலேயே சொல்லிவிட்டது.

பாட்டுக் கேட்க வந்தவனிடம் இத்தனை பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஏற்றியிருக்கிறார்கள், அதுவும் எளிய மக்களிடம். தென்மாவட்டங்களில் இலங்கை வானொலியைக் கேட்டவர்களுக்கு 'பொங்கும் பூம்புனல்' நினைவிருக்கும். 'இசையும் கதையும்' நிகழ்ச்சியில் ஒரு கதையைச் சொல்லி, அதன் திருப்பங்களுக்கேற்பப் பாடல்களை வைப்பார்கள். கேட்ட பாட்டே புதிதாகத் தோன்றும். ஊர் மைக் செட்காரரும் இசைத்தட்டு அடுக்கும்போது எந்த வீட்டு வாசலில் எந்த நேரத்தில் எது ஒலிக்கலாம் என்று அறிந்திருந்தார். கல்யாண வீட்டில் தப்பித் தவறி ஒரு பிரிவுப் பாட்டு விழுந்தால் வசவு வாங்கியது அவர்தான். இன்றைய பட்டியலுக்கு வசவு வாங்க ஆளே இல்லை.

ஆகஸ்ட் மாதத்து நாட்டுப்பற்றுத் தொகுப்புகளும் இந்த ரகமே. 'கப்பலோட்டிய தமிழன்', 'ரோஜா' என்று திரைக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். சிவகாசியில் 1886இல் பிறந்த நாடகக் கலைஞர் விசுவநாத தாஸ், மேடையில் தேசபக்திப் பாடல் பாடியதற்காகவே பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர்விட்டார். அவர் பாடிப் பரப்பிய மதுரகவி பாஸ்கரதாஸின் பாடல்களை இன்று எத்தனை பேர் பாடுகிறார்கள்? கிதார் நண்பர்கள் தம் திறமையைக் காட்ட வேண்டிய இடம் அதுதான். லட்சம் முறை கேட்ட பாடலை லட்சத்து ஓராவது முறை முனகுவதைவிட, மேடையோடு போய்விட்ட பாட்டு ஒன்றைத் தேடி எடுத்துப் பாடலாம். சிவகாசியிலிருந்தே ஒருவர் அதைச் செய்தால் நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

வருகிற தீபாவளிக்குப் பட்டியல் போட இப்போதே உட்கார்ந்திருப்பவரிடம் நாம் கேட்பது இவ்வளவே. சுசீலா பாடி முடித்ததும் அடுத்த பாட்டாக ஏ.எம். ராஜாவை வையுங்கள். இரண்டுக்கும் எதிரே பட்டுக்கோட்டையின் பெயரை எழுதுங்கள்.