தொழில் கசந்தால்...?

ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பாடுபட்டு வளர்த்தார். பணமும் வருகிறது. ஆனால் தொழில் கசந்துவிட்டது! வீட்டில் நாலு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். என்ன செய்வது?

அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்டுக்கும் இந்த அலுப்பு வந்தது. லண்டனில் சீமான்களும் சீமாட்டிகளும் அவரிடம் உருவப்படம் வரைந்துகொள்ளக் காத்துக் கிடந்தார்கள். பணம் குவிந்தது. ஆனாலும் 1907-ம் ஆண்டில், 51-வது வயதில், அந்த வேலைக்கு அநேகமாக முழுக்குப் போட்டுவிட்டார்!

அது ஆத்திரத்தில் எடுத்த முடிவு அல்ல. பாஸ்டன் நகர நூலகத்தில் சுவர் ஓவியம் தீட்டும் பணியை 1890-ம் ஆண்டிலேயே ஏற்றிருந்தார். பல நாடுகளுக்குப் போய், கண்ட காட்சிகளை நீர் வண்ணத்தில் வரைந்தார். 1909-ம் ஆண்டில் புரூக்ளின் அருங்காட்சியகம் அவற்றில் 83 படங்களை வாங்கியது. விடாமல் கேட்டவர்களுக்குக் கரிக்கோலால் சுருக்கமாக வரைந்து கொடுத்தார்.

சார்ஜென்டுக்கு மனைவி மக்கள் இல்லை. குடும்பஸ்தர் இன்னும் நிதானமாக நடக்க வேண்டும். வீட்டாரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். மாற்று வேலையில் நாலு காசு வரத் தொடங்கியதும், பழைய வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

கற்ற கலையைத் தூக்கி எறிய வேண்டாம். சார்ஜென்ட் தூரிகையை விடவில்லை. வரையும் பொருளைத்தான் மாற்றினார்!