ஆளில்லா வளவுகளில் உளவளத்துணை

யாழ்ப்பாணத் தீவகத்தின் கிராமம் ஒன்றிலிருந்து, புளியங்கூடல் என்றே வைத்துக்கொள்வோம், வயதான தாயொருவர் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனால் தலையிடி, கை கால் உளைவு, நித்திரையில்லை என்றுதான் சொல்வார். காணாமற்போன மகனைப் பற்றியோ, பொழுதுபட்டால் வீட்டில் கதைக்க ஆளில்லை என்றோ கிளினிக் வரிசையில் நின்று யார் சொல்வார்கள்? உளைவுக்கு மாத்திரை கிடைக்கும். மற்றது அவரோடேயே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரத்தின் ஆய்வுகள் இந்த இடைவெளியையே சுற்றிவருபவை. போர் நடந்த காலத்திலேயே, அந்த மண்ணிலேயே இருந்து செய்த வேலை அது. 2007 இல் வெளியான கட்டுரையொன்றில் 'கூட்டு மனவடு' என்ற கருத்தை அவர் விரித்துவைத்தார். போர் ஆளைத் தனியாகக் காயப்படுத்துவதில்லை. அவரைத் தாங்கும் குடும்பத்தையும் அயலையும் ஊர் நம்பிக்கையையும் சேர்த்தே முறிக்கிறது. அப்படியானால் மருந்து பாதி வேலைதான். மீதியைச் செய்ய ஆசிரியரையும் ஊர்த் தொண்டரையும் பயிற்ற வேண்டும் என்றார். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களை உருவாக்கியதும் இந்த வழியில்தான்.

அவருடைய எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சடங்குகளை அவர் அணுகிய விதம். உடலைக் கண்டால்தான் எட்டுச்செலவு, கீரிமலை அந்தியேட்டி என்ற இறுதிக் கிரியைகள். 1990 இல் தீவகத்தின் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனவர்களின் வீடுகளில் எதைச் செய்வது? துக்கத்துக்கு ஒரு நாள் குறிக்கவே வழியில்லை. அந்த வீட்டார் சாமி வந்து உருவாடுபவரிடம் போய் 'உயிரோடு இருக்கிறானா' என்று கேட்டதை மூடநம்பிக்கை என்று அவர் ஒதுக்கவில்லை. துயரத்தைச் சுமக்க ஊர் கண்டுபிடித்த வழிகளில் ஒன்றாகவே பார்த்தார். மேற்கத்தேயப் பாடநூலோடு வந்த பல திட்டங்களுக்கு இந்தப் பொறுமை இருக்கவில்லை.

2009 இல் யாழ் மாவட்டத்தில் எடுத்த ஓர் ஆய்வு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. போர் அதிர்ச்சியின் பின்விளைவான மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடம், மனச்சோர்வு 22.2, பதகளிப்பு 32.6. வெடிச்சத்தத்துக்குத் துடித்தெழுபவர்களை விட, சத்தமில்லாமல் சோர்ந்துபோனவர்கள்தான் அதிகம் என்று இதை நான் வாசிக்கிறேன். அப்போது இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் மூன்றுமே கூடுதலாக இருந்தன.

தீவகமோ இடப்பெயர்விலேயே உருமாறிய பகுதி. 1990, 91 இல் கிளம்பியவர்களில் பலர் திரும்பவில்லை. யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு, பிறகு கனடா, பிரான்ஸ், லண்டன். வளவுகளில் பற்றை, கிணறுகளில் பாசி, திண்ணையில் ஒரு கிழவர். சோமசுந்தரத்தின் வழி இங்கேதான் சிக்குகிறது. ஊரைக்கொண்டு ஆற்றலாம் என்றால், ஊர் எங்கே? தேர்த் திருவிழாவின் பத்து நாளும் ஊர் இருக்கிறது. அதன்பின் விமானம் ஏறிவிடுகிறது.

ஆகவே அவர் சொன்ன சமூகத்தை இன்று கடலுக்கு அப்பாலும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் மணிமண்டபத்துக்கும் காசு சேர்க்கின்றன. குறை சொல்லவில்லை, கோயிலும் ஆறுதல்தான். ஆனால் பயிற்சிபெற்ற சமூகப்பணியாளர் ஒருவரின் மாதச் சம்பளம் ஒரு மண்டபத்தின் சீமெந்துச் செலவோடு ஒப்பிட எவ்வளவு? தனித்திருக்கும் முதியவருக்கு மருந்து தவறாமல் கிடைக்கிறதா, சாப்பிடுகிறாரா, பூச்சிநாசினிப் போத்தல் வீட்டில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வாரமொருமுறை படலையைத் திறந்து வருபவர் அவர். நன்கொடைத் திட்டங்கள் இரண்டு வருடத்தில் முடிந்துபோகும். கதை சொல்லத் தொடங்கிய ஆள் மறுபடி வாயை மூடிக்கொள்வார். 2005 இன் தேசிய மனநலக் கொள்கை சமுதாய மட்டப் பராமரிப்பைப் பேசியது, நடைமுறையிலுள்ள சட்டமோ 1873 ஆம் ஆண்டினது. நிரந்தரப் பதவிகளை உருவாக்க வேண்டியது அரசு. அதுவரை சங்கங்கள் சம்பளத்தை ஏற்கலாம். மேற்பார்வை ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவிடம் இருக்கட்டும், கோயில் நிர்வாகசபையிடம் வேண்டாம்.

இன்னொன்று. புளியங்கூடலுக்கு நியமிக்கப்படுபவர் புளியங்கூடல் ஆளாக இல்லாதிருப்பதே நல்லது. சின்ன ஊரில் யாருடைய மகள் யார் வீட்டுப் படலைக்குள் எத்தனை மணிக்குப் போனாள் என்பது அன்றிரவே ரொறொன்ரோவுக்குத் தெரிந்துவிடும். வேலணையிலிருந்தோ புங்குடுதீவிலிருந்தோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து போகட்டும்.