நடித்தது மட்டுமா?

ஆரம்பகால சினிமாவில் பெண்கள் நடித்தார்கள், அவ்வளவுதான். தேடிப்பிடித்துக் கொண்டாட ஒன்றுமில்லை என்று தன் கட்டுரையில் எழுதுகிறார் நண்பர். தவறு. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் நாயகன் தெலுங்கில் பேச, தமிழில் பேசியும் பாடியும் அதைத் தமிழ்ப் படமாக்கியவர் டி. பி. ராஜலட்சுமி. 1936இல் ‘மிஸ் கமலா’வுக்குக் கதை எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தவரும் அவரே. இதற்கு மேல் என்ன செய்திருக்க வேண்டும்?

நம் இலங்கை மலைநாட்டையும் பாருங்கள். 1947இல் முதல் சிங்களப் பேசும்படத்தின் நாயகியான ருக்மணி தேவி றம்பொடையில் பிறந்தவர்.

இதே மலைநாட்டின் கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவள் பெண். அவள் சம்பளத்தைப் புருஷன் கைநீட்டி வாங்கிய காலம் இங்கே எல்லோருக்கும் தெரியும். உழைப்பு ஒருத்தியுடையது, கணக்கு இன்னொருவன் பேரில். சினிமா வரலாற்றையும் அப்படியே எழுதிவிட்டு, பெண்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது அநியாயம். அடுத்த கட்டுரையிலாவது ‘மிஸ் கமலா’வை இயக்கியவரின் பெயரை எழுதுங்கள்.