மருந்து கெட்டிக்கும் கை

ஆதிச்சநல்லூர்ப் பறம்பில், 2023இல் திறந்த அந்தக் கண்ணாடித் தரைக்குக் கீழே தாழிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். நிழலில் உட்கார்ந்ததும் நண்பன் செல்போனை நீட்டினான். "இதப் பாருல, என்னா நேக்கு!"

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தன் வீட்டு மேசையில் .375 மேக்னம் தோட்டா செய்துகொண்டிருந்தார். 1912இல் லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி கொண்டுவந்த தோட்டா அது. சுட்டுத் தீர்ந்த பித்தளை உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். அடியில் புது கேப். நுண்தராசில் நிறுத்த மருந்து. மேலே குண்டு. எல்லாம் அவசரமே இல்லாமல், பூஜை மாதிரி. நண்பன் கென்னத் ஆண்டர்சனின் பரம ரசிகன். "அந்தக் காலத்து வேட்டைக்காரன்லாம் கலைஞன்ல" என்றான்.

எனக்கு அங்கேதான் சண்டை. அது கலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வேலையைச் செய்த இன்னொரு கைக்கு வேட்டை இலக்கியம் என்ன பெயர் வைத்தது?

ஆட்கொல்லிக் கதைகளின் முன்கதையை யோசித்துப் பாருங்கள். புலி ஏன் மனிதனைத் தின்னத் தொடங்கியது? பல கதைகளில் பதில் ஒன்றுதான்: பழைய குண்டுக்காயம். ஜிம் கார்பெட்டின் சம்பாவத் பெண்புலிக்கும் குண்டடிபட்டுத்தான் கோரைப்பல் உடைந்திருந்தது. ஆண்டர்சன் கதைகளில் அந்தக் குண்டு அடிக்கடி நாட்டுத் துப்பாக்கியிலிருந்து வருகிறது. கிராமத்தான் ஒருவன் அரைகுறையாகச் சுட்டுவிட்டு ஓடுகிறான். பிறகு துரை வருகிறார், நல்ல ரைபிளோடு. ஊர் பிழைக்கிறது.

அதெப்படி, கிராமத்தான் கையில் எப்போதும் நாட்டுத் துப்பாக்கியே இருக்கிறது? அவனுக்கு நல்லது எது என்று தெரியாதா?

தெரியும். கிடைக்காது. பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கிய 1801ஆம் ஆண்டின் முடிவிலேயே கம்பெனி தென்பாளையங்களின் ஆயுதத்தைப் பறிக்கும் பிரகடனத்தைப் போட்டுவிட்டது. 1878இல் ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு. பயிர் காக்க உரிமம் வாங்கிய விவசாயிக்கும் பெரும்பாலும் வாய்த்தது, வாய்வழியே மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல்தான். வெடியுப்பு, கந்தகம், கரி. ஈயம் கிடைத்தால் ஈயம், இல்லையென்றால் ஆணித்துண்டு. கையளவுதான் தராசு. ஒரே வெடி, கண்ணை மறைக்கும் புகை. குறி தப்பினால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

துரையின் தோட்டாவில் இருந்தது கார்டைட். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் வாசலினும் சேர்த்து, நூல் நூலாக இழுத்த மருந்து. அதைச் செய்ய 1900களின் தொடக்கத்திலேயே நீலகிரி அருவங்காட்டில் அரசு தொழிற்சாலை வைத்தது. நம் ஆட்கள் அங்கே கார்டைட் செய்தார்கள். அதே மருந்து அடைத்த ஒரு தோட்டாவை வீட்டில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமம் தேவைப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. அதே பத்தாண்டில் .450 விட்ட ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவர அரசு தடை போட்டது. பட்டாளத்தின் பழைய மார்டினி-ஹென்றிக்கும் அதே விட்டம். வெளியே போய்விட்ட மார்டினிகளுக்கு, துரையின் தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி இவன் கெட்டித்துவிடுவானோ என்ற பயம். அதனால்தான் லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளுக்குப் போயின. வெயிலில் கார்டைட்டின் அழுத்தம் ஏறும் என்பதால் வெப்ப நாடுகளுக்கு மருந்தைக் குறைத்தும் அடைத்தார்கள். நம் வெயிலுக்காக மருந்தைக் குறைத்தார்கள், நம் கைக்குப் பயந்து குண்டின் விட்டத்தையே மாற்றினார்கள். இன்றைக்கு ரசிகர்கள் உருகி உருகிப் பேசுகிற அந்த எண்கள் பயத்தின் எண்கள்.

நான் துப்பாக்கி கேட்கவில்லை. 1972இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பூட்டுப் போட்டது நல்லது. உரிமமில்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி இன்றும் குற்றம், அதுவும் இருக்கட்டும். நாட்டுத் துப்பாக்கிக் காயத்தோடு அலைந்த புலியின் வலியும் பொய்யில்லை. ஆண்டர்சன் கிராமத்து மனிதர்களோடு பழகி எழுதியவர், அதையும் சொல்லியாக வேண்டும். என் கேள்வி வாசகரிடம். மேசையில் தோட்டா செய்தால் கலைஞன், குடிசையில் மருந்து இடித்தால் திருடன் என்ற கணக்கை நாம் ஏன் கேள்வியே இல்லாமல் வாங்கிக்கொண்டோம்?

1899 முதல் இந்தப் பறம்பைத் தோண்டிய அலெக்சாண்டர் ரீ ஒன்றைக் குறித்திருக்கிறார். இரும்பு ஆயுதங்கள் முனை கீழாக இருந்தன, துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனதைப் போல. ஆயுதம் செய்யத் தெரிந்த கையை இந்த மண் ஒருகாலத்தில் மரியாதையோடுதான் அனுப்பிவைத்திருக்கிறது. அந்த இரும்பின் வயதைச் சொல்லி மார்தட்டும் நமக்கு, நூறு வருஷத்துக்கு முந்தைய நாட்டுத் துப்பாக்கிக்காரன் மட்டும் அசிங்கமாகத் தெரிகிறான்.

"அப்ப ஆண்டர்சனப் படிக்கக் கூடாதால?" என்றான் நண்பன்.

படி. புலிக்குக் குண்டுக்காயம் என்று வருகிற வரியில் மட்டும் கொஞ்சம் நில். அந்தக் குண்டைக் கெட்டித்தவனுக்கு ஏன் பெயரே இல்லை என்று கேள்.