உதவாக்கரைச் சோளத்துக்கு யார் செலவு செய்வது?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மக்காச்சோள ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. இது கடைசியில் கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான் :-)

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் மக்காச்சோள மரபியல் கூட்டுறவு விதை மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பாதுகாக்கிற விதைகளில் பெரும்பாலானவை, விவசாயி பார்த்தால் பிடுங்கி எறிகிற ரகம். ஒன்று குள்ளமாகவே நின்றுவிடும். ஒன்றுக்கு இலை வெளுத்துப்போகும். இன்னொன்றில் மணி சுருங்கிவிடும். எல்லாம் சடுதிமாற்றம் அடைந்தவை. எந்த ஃப்யூஸைப் பிடுங்கினால் எந்த அறை இருட்டாகிறது என்று எலக்ட்ரீஷியன் பார்ப்பது மாதிரி, எந்த மரபணு கெட்டால் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் அதன் வேலையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த விதைகளை ஆராய்ச்சியாளர்களுக்கு விலை இல்லாமல் கொடுத்து வருகிறார்கள் என்பதுதான் விசேஷம். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் எமர்சன் என்பவரைச் சுற்றி இருந்த கூட்டம், 1929 முதல் தங்கள் முடிவுகளை முறையாக அச்சேறும் முன்பே செய்தி மடல் மூலம் பகிர்ந்துகொண்டது. விதையும் அப்படியே கைமாறியது. 1953ல் அந்தச் சேகரிப்பு இல்லினாய்க்கு வந்தது.

இதனால் என்ன லாபம்? ஒரே ஒரு உதாரணம். ஒபேக்-2 என்றொரு வகை. மணி பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். பல வருடங்கள் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1964ல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் மெர்ட்ஸும் நெல்சனும் சகாக்களும், அதில் சாதாரண சோளத்தைவிட லைசின் அதிகம் என்று அறிவித்தார்கள். மக்காச்சோளத்தையே நம்பி வாழும் ஏழைகளுக்குக் குறைவாகக் கிடைக்கும் சத்து அது. மெக்சிகோவில் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாஸும் அதிலிருந்து சத்தான, விவசாயிக்கும் ஒத்துவரும் ரகங்களை உருவாக்கினார்கள். 2000ல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நடுவில் யாராவது 'இது எதற்கு தண்டமாக' என்று அந்த விதையைத் தூக்கிப் போட்டிருந்தால்?

'இலவசமாகக் கொடுத்தால் கம்பெனிக்காரனும்தானே லாபம் பார்ப்பான்' என்று கேட்கலாம். பார்க்கட்டுமே. எது நாளைக்கு உதவும் என்று தெரியாத சரக்கை எந்தத் தனியாரும் பத்துப் பதினைந்து வருடம் வைத்துக் காக்க மாட்டார். அதனால்தான் பொதுப்பணம் வேண்டும் என்கிறேன்.

என் கவலை வேறு. புதிய சடுதிமாற்ற வகைகளை உருவாக்கக் கிடைக்கும் மானியம் சில வருடங்களில் முடிந்துவிடும். விதைக்கு அது தெரியாதே! குளிர் அறையில் வைத்தாலும் முளைப்புத்திறன் மெல்ல மெல்லக் குறையும். திரும்ப விதைக்க வேண்டும். மக்காச்சோளத்துக்குக் காற்றில் மகரந்தம் பறந்து வரும் என்பதால், கதிர் கதிராகப் பை மாட்டிக் கையால் சேர்க்க வேண்டும். சில மாற்றங்கள் இரண்டு பிரதியாகச் சேர்ந்தால் செடியே செத்துவிடும். ஒரு பிரதியை மட்டும் மறைவாகச் சுமக்கும் செடியைத் தேடிப்பிடித்துக் காப்பாற்ற வேண்டும்.

நம் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று படிக்கிறோம். உலகம் முன்னதற்குக் கைதட்டும், பின்னதற்கு மூக்கால் அழும். புது வகை உருவாக்கப் பணம் கொடுக்கும் எவரும், அதைக் காப்பதற்கும் ஒரு பங்கை அப்போதே ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் வாங்கிய சொத்தை மழையில் நனையவிட்டு, தேய்மானம் என்று எழுதிக்கொள்வது போலத்தான்.