புலிக் கோடும் பூனைச் சூடும்

“புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது” என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆயினும், பூனைக்குச் சூட்டின் நினைவு எங்ஙனம் வந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. நோயுற்ற மாட்டிற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடு கோடாகச் சூடிடுவது தமிழகத்துச் சிற்றூர்களின் பழைய வழக்கம். புண் ஆறினாலும் தழும்பு மறையாது. புலியின் வரிகளும் அத்தகைய தழும்புகளே என்று பூனை எண்ணிவிட்டது. மாடு வளர்த்தோரின் கற்பனையில் பிறந்த பழமொழியாகவே இது நமக்குத் தோன்றுகிறது. புலியாக விரும்பியதன்று பூனையின் பிழை. பிறப்பில் வந்த வரிக்குத் தன் தோலை விலையாகக் கொடுத்ததே பிழை.

ஆங்கிலத்திலும் “ஜோன்ஸ் வீட்டாருக்கு ஈடுகொடுத்தல்” என்றொரு வழக்கு உண்டு. அது 1913ஆம் ஆண்டில் ‘நியூயார்க் குளோப்’ நாளிதழில் தொடங்கிய படக்கதையின் தலைப்பு. வரைந்தவர் ஆர்தர் மோமண்ட். அண்டை வீட்டாரைப் போல் வருவாய்க்கு மீறி வாழ முயன்று இடருற்ற தம் பட்டறிவையே அவர் கதையாக்கினார். முதலில் ஸ்மித் என்று பெயரிட எண்ணி, ஓசை கருதி ஜோன்ஸ் என மாற்றிக்கொண்டாராம். வேடிக்கை யாதெனில், ஜோன்ஸ் வீட்டார் அக்கதையில் முகம் காட்டுவதே இல்லை! “பியார் பாப்பா அசால் பெர்காயா” என்று நம் மலாய் அண்டையர் எள்ளுவதும் இதனையே: வறுமை வந்தாலும் வரட்டும், பகட்டு இருந்தால் போதும் என்பது அதன் பொருள்.

நம் கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் இப்போட்டிக்குத் தனியொரு காரணம் இருந்தது. லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தோர் அதே பால்மரத்தை வெட்டி, ஏறத்தாழ அதே சம்பளம் பெற்றனர். வருவாயில் உயர்வு தாழ்வு காட்ட இயலாதபோது, பொருளில் காட்ட வேண்டியதாயிற்று. ஒரு வீட்டில் வானொலி பாடினால் அடுத்த வீட்டாருக்கு உறக்கம் வராது. சம்பள நாளில் தவணைக்குத் துணி விற்க வருவோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பலர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். தவணை மட்டும் உடன் வந்துவிட்டது.

இவ்வழக்கம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டதே நம் கவலை. முன்பு பிறந்த நாளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தனர். பின்னர்க் கேக் வந்தது. இப்போது வகுப்பினர் அனைவருக்கும் பரிசுப் பை கொடுக்கின்றனர். முதற்பை வந்த அன்று ஆசிரியர்களாகிய நாமும் கைதட்டினோம், அதனை மறைப்பதற்கில்லை. அடுத்த சில வாரங்களில், தம் பிறந்த நாளன்று பள்ளிக்கு வாராத பிள்ளைகளைக் கண்டோம். காய்ச்சல் என்றனர். மறுநாள் துள்ளி விளையாடினர்.

கொடுக்கும் பெற்றோர் அன்பினாலேயே கொடுக்கின்றனர். அவரைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும், பள்ளிக்குள் பரிசுப் பை வேண்டா என்பதே நம் கருத்து. பிறந்த நாள் காணும் பிள்ளையை முன்னால் நிறுத்தி வாழ்த்துப் பாடுவோம். விரும்பினால் அப்பிள்ளை வகுப்பு நூலகத்திற்கு ஒரு கதைப் புத்தகம் தரலாம், படித்து முடித்த பழைய புத்தகமாயினும் சரியே. வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை முன்வைக்கவிருக்கிறோம்.